பழைய ஸ்பிட்ஃபயருக்குக் கிளட்ச் செட் வாங்கும் முன்

கருங்கல் பக்கத்துக்காரர் ஒருவர் ஒரு சிவப்பு ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு தக்கலையில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். மார்க் 3, அதாவது அதன் மூன்றாம் மாடல். வளைகுடாவில் இருபது வருஷம் சம்பாதித்துவிட்டு ஊர் திரும்பியவர், கொச்சியில் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. வண்டிக்குள்ளே சீட்டின் மேல் ஓர் அட்டைப்பெட்டி.

"ஆசானே, கிளட்ச் போயாச்சு. செட்டு வெளிநாட்டுல இருந்து வருத்தியாச்சு. நீங்க மாட்டித் தந்தா மதி."

பெட்டியைப் பிரித்து, எஞ்சின் சக்தியைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டின் குறுக்கே ஸ்கேலை வைத்தேன். 184 மில்லிமீட்டர். அதாவது ஏழேகால் இன்ச். அவர் வண்டிக்கு வேண்டியது ஆறரை இன்ச், 165 மில்லிமீட்டர். ஏழேகால் இன்ச் 1974-க்குப் பிறகு வந்த ஸ்பிட்ஃபயர் 1500-க்கு உரியது. பெட்டியின் மேல் "ஸ்பிட்ஃபயர்" என்று அச்சடித்திருந்தது, அதில் பொய் ஒன்றுமில்லை. எந்த ஸ்பிட்ஃபயர் என்பதைத்தான் வாங்கியவரும் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் கப்பல் கூலியே சரக்கு விலையைத் தொட்டுவிடும். பெட்டி இப்போதும் என் அலமாரியில் இருக்கிறது.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதிகம் இல்லை. ஆனால் இருப்பவர்களில் பாதிப்பேர் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். முதலில் செட்டை வாங்கிவிடுவார்கள், பிறகுதான் வண்டியைத் திறப்பார்கள். எனக்கு இந்த வண்டியின் வயிறு தெரிந்திருப்பதற்குக் காரணம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் செய்த வண்டி. நான் நாகர்கோவிலில் தொழில் படிக்கும்போது டாக்டர், வக்கீல் வீடுகளில் எல்லாம் அது நிற்கும். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கி, அதன்மேல் இரண்டு சீட்டு உடம்பை வைத்ததுதான் ஸ்பிட்ஃபயர். எங்கள் பேச்சில் சொன்னால், அண்ணனும் தம்பியும். ஹெரால்டு கழற்றிய கைக்கு ஸ்பிட்ஃபயர் புதுசில்லை.

கியர்பாக்ஸை இறக்கும் முன்

கியர் போடும்போது நறநறவென்று சத்தம் வந்தால் உடனே "பிளேட் போச்சு" என்பார்கள். பிளேட் தேய்ந்துபோனால் அப்படிச் சத்தம் வராது. பிளேட் தேய்ந்த வண்டி சிலிப் ஆகும்: டாப் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கினால் எஞ்சின் மட்டும் இரையும், வண்டி ஓடாது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு ஏறிப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். கியர் உரசுவது இதற்கு நேர் எதிரான நோய். பெடலை அமுக்கியும் கிளட்ச் முழுசாக விடுபடவில்லை என்று அர்த்தம். அதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய் வழி, அதாவது பெடல் பக்கம் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும், அந்தத் தள்ளலை வாங்கிக் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரும்.

மார்க் 3-ல் முதல் கியருக்குச் சிங்க்ரோ, அதாவது கியர் உரசாமல் விழ வேகத்தை ஒத்துவைக்கும் அமைப்பு, கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது. வண்டி நிற்கும்போது பெடலை அமுக்கி மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது, உங்கள் கைதான் அவசரப்படுகிறது. ஐந்து எண்ணிய பிறகும் உரசினால்தான் நோய்.

கருங்கல்காரர் வண்டியில் பத்து எண்ணியும் உரசியது. ஒரு பையனை உள்ளே உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு, ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று ஸ்கேல் பிடித்தேன். 7 மில்லிமீட்டர். என் கணக்கில் அரை இன்ச்சாவது, அதாவது 12, 13 மில்லிமீட்டராவது நகர வேண்டும். மீதி எங்கே போனது? பாதி, பெடலிலேயே போயிருந்தது. பெடலையும் மாஸ்டர் சிலிண்டரின் கம்பியையும் இணைக்கும் கிளெவிஸ் பின் நடுவில் இடுப்பு சிறுத்துத் தேய்ந்திருந்தது. அது நுழையும் பெடல் ஓட்டை வட்டமாக இல்லாமல் புளியங்கொட்டை மாதிரி நீண்டுபோயிருந்தது. அந்த ஓட்டையை வெல்டு வைத்து அடைத்து மறுபடி டிரில் போட்டுப் புது பின் மாட்டினோம். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. மீதிப் பாதி, ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர். கழற்றும்போதே கறுப்புத் தண்ணியாய் வந்தது.

எங்கள் ஊர் ஈரத்துக்கு இது நடக்கும். கிளட்ச் சிலிண்டரிலும் ஓடுவது பிரேக் ஆயில்தான், அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. மணவாளக்குறிச்சி, குளச்சல் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேரும். சிலிண்டருக்குள்ளே தண்ணீர் சேர்ந்து துரு குழி விழுந்துவிட்டால் புது ரப்பர் போட்டாலும் மூன்று மாசம் தாங்காது. விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். ரிப்பேர் கிட் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். டாட் 4 ஆயில் போதும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் சரி.

பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது ஒரு விஷயம். ஸ்லேவ் சிலிண்டரில் இரண்டு துளை இருக்கும், ஒன்றில் பைப், இன்னொன்றில் நிப்பிள். நிப்பிள் மேல் பக்கம் வர வேண்டும். தலைகீழாய் மாட்டிவிட்டு, அரை லிட்டர் ஆயிலைக் காலி செய்தும் ஏர் போகவில்லை என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். இந்த எஞ்சின்களுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. கிளட்ச் பெடலை அமுக்கும்போதெல்லாம் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் முன்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குவது அரைநிலா வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள். அவை தேய்ந்து மெலிந்தால் ஒருநாள் நழுவி, அடியிலிருக்கும் ஆயில் தொட்டியான சம்பில் விழும். பிறகு கிராங்க் நேரே பிளாக்கை அரைக்க ஆரம்பிக்கும். அந்த பிளாக்கைக் காப்பாற்றுவது கஷ்டம். எனவே முன்பக்கம் போய்க் கிராங்க் புல்லியில் டயல் கேஜை வையுங்கள், ஒருவரைப் பெடலை மிதித்து விடச் சொல்லுங்கள். 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. கண்ணுக்கே தெரிகிற மாதிரி புல்லி முன்னும் பின்னும் போனால் கிளட்ச் வேலையை நிறுத்திவிட்டு முதலில் சம்பைக் கழற்றுங்கள். கூடுதல் தடிமனுள்ள வாஷர்கள் கிடைக்கின்றன. எஞ்சினை வெளியே எடுக்காமல் கிராங்கைப் பிடித்திருக்கும் பின்பக்க மெயின் கேப்பைக் கழற்றியே மாற்றலாம். வாஷரில் காடி, அதாவது பள்ளம், உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

எதை வாங்குவது

பெரிய பவர், ரேஸ், ஸ்டேஜ் 2 என்றெல்லாம் போட்டு விற்கும் கடினமான பிரஷர் பிளேட்டை, அதாவது எஞ்சின் பின்னால் சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தோடு பிளேட்டை அழுத்தும் ஸ்பிரிங் மூடியை, நான் யாருக்கும் மாட்டித் தருவதில்லை. இப்போது சொன்ன த்ரஸ்ட் வாஷர்தான் காரணம். ஸ்பிரிங் எவ்வளவு கனமோ அவ்வளவு வேகமாய் வாஷர் தேயும். ஸ்டாண்டர்டு எஞ்சின் உள்ள 1296 சிசி வண்டிக்கு ஒரிஜினல் அழுத்தம் தாராளம். செராமிக் பட்டன் வைத்த பிளேட்டும் அப்படித்தான். மார்த்தாண்டம் சந்தை நாளில் ஹாஃப் கிளட்சில் நகர்ந்து பாருங்கள், கிளம்பும்போதெல்லாம் வண்டி ஆடு முட்டுகிற மாதிரி முட்டும். பிளேட்டில் உரசும் பட்டையாகச் சாதாரண ஆர்கானிக் லைனிங் போதும்.

பழைய ஸ்டாக், அதாவது அந்தக் காலத்திலேயே செய்து பெட்டி பிரிக்காமல் கிடந்த சரக்கு கிடைத்தால் பிரஷர் பிளேட்டுக்கு நல்லது, துரு இல்லாமல் இருந்தால். ரப்பர் சாமான்களை மட்டும் அப்படி வாங்காதீர்கள். ஐம்பது வருஷத்து ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் ஐம்பது வருஷத்து ரப்பர்தான்.

மூன்றாவது வழி, நம் பிளேட்டுக்கே புது லைனிங் அடிப்பது. பிரேக் லைனிங் அடிக்கிற கடைகளில் செய்து தருவார்கள். ஹெரால்டுக்கு நான் இன்னும் அதைத்தான் செய்கிறேன். ஒரே நிபந்தனை: பிளேட் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் அந்தப் பிளேட் லைனிங்குக்குத் தகுதியில்லை. பிளேட்டின் நடுவில் இருக்கும் ஹப்பின் பல்வரிசை, அதாவது ஸ்ப்ளைனிலும் அப்படித்தான், கியர்பாக்ஸ் ஷாஃப்டில் நுழைத்துத் திருகினால் தளர்ச்சி இருக்கக்கூடாது.

பெடலை அமுக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம். கழற்றிய பழைய பேரிங்கைக் காதருகே வைத்துச் சுற்றுங்கள். சத்தமும் இல்லை, ஆட்டமும் இல்லை என்றால் தூக்கி எறிய வேண்டாம். செட்டோடு வரும் புது பேரிங் சில சமயம் ஒரு மாசத்திலேயே குருவி மாதிரி கத்தும். இந்த வண்டியில் பழையதையே திரும்பப் போட்டேன். புதுசைத் துணியில் சுற்றி அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஆர்டர் போடும் முன் பழைய பிளேட் கையில் இருக்க வேண்டும். குறுக்களவு, ஸ்ப்ளைன் எண்ணிக்கை, ஹப்பின் இரண்டு பக்க நீளம், பிரஷர் பிளேட்டின் போல்ட் ஓட்டை இடைவெளி, எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதி, விற்பவரிடம் "இந்த அளவு இருக்கிறதா?" என்று கேளுங்கள். வண்டிப் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். ஐம்பது வருஷத்தில் எத்தனை கை மாறியிருக்கும்! மார்க் 3 உடம்புக்குள்ளே யாரோ 1500 எஞ்சினை வைத்திருக்கலாம், ஹெரால்டு கியர்பாக்ஸ் கூட இருக்கலாம்.

கழற்றுவது

ஹைட்ராலிக் வேலை முடிந்து கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கருங்கல்காரர் சந்தோஷமாய் ஓட்டிக்கொண்டு போனார். பத்தாம் நாள் திரும்பி வந்தார். திருவட்டாறு தாண்டி ஏற்றத்தில் சிலிப். ஆக அந்த வண்டியில் இரண்டு நோயும் இருந்திருக்கின்றன, ஒன்று மற்றொன்றை மறைத்திருக்கிறது. சரி, இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்பிட்ஃபயரில் கியர்பாக்ஸ் கீழே இறங்காது, வண்டிக்குள்ளே வழியாக வரும். சீட்டு இரண்டையும் கழற்றி, நடுவில் இருக்கும் டனல் மூடியை எடுத்தால் கியர்பாக்ஸ் அப்படியே மடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி தெரியும். மூடி அட்டையில் செய்தது, ஈரம் பட்டால் அப்பளம். மெதுவாகத் தூக்குங்கள். பேட்டரி வயர், ஸ்பீடாமீட்டர் கேபிள், ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட், ஸ்டார்ட்டர், கியர் லீவர் என்று வரிசையாய் விடுவித்து, ஸ்லேவ் சிலிண்டரைப் பைப்போடு ஓரமாய்க் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். சம்புக்கடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுக்காமல், கியர்பாக்ஸை எஞ்சினோடு இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டைத் தொடாதீர்கள். பின்னால் தாங்கல் போனதும் எஞ்சின் குனியும்.

ஸ்பானர் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இது இன்ச் வண்டி. கிளட்ச் கவரை, அதாவது பிரஷர் பிளேட்டை, ஃபிளைவீலில் பிடிக்கும் போல்ட் 5/16 இன்ச், அதன் தலைக்கு அரை இன்ச் ஸ்பானர். அரை இன்ச் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13-ஆம் நம்பர் ஸ்பானர் உட்காருகிற மாதிரி உட்காரும், அழுத்தினால் மூலையை வழித்துவிடும். அதைவிட ஆபத்து, தொலைந்த போல்ட்டுக்குப் பதில் 8 எம்.எம். போல்ட் போடுவது. இரண்டும் பார்வைக்கு ஒரே தடிமன்தான், மரைதான் வேறு. இரண்டு சுற்று கையாலேயே போகும், அப்புறம் இறுகும். "நல்லா டைட் ஆகுது ஆசானே" என்று பையன் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள், ஃபிளைவீலின் மரை போய்க்கொண்டிருக்கிறது.

பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் கறுப்புத் தூளைக் கம்ப்ரஸர் வைத்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்துக் கவரில் கட்டிப் போடுங்கள். நாங்கள் படித்த காலத்தில் வாயாலேயே ஊதினோம். அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது.

பிளேட் வெளியே வந்ததும் முகர்ந்து பார்த்தேன். லைனிங் பளபளவென்று ஈரம். எஞ்சின் ஆயிலா கியர் ஆயிலா என்பதை மூக்கே சொல்லும், கியர் ஆயிலில் கந்தக வாடை அடிக்கும். இதில் அந்த வாடை இல்லை. எஞ்சினின் பின்பக்கத்திலிருந்து வந்த ஆயில். இந்த எஞ்சினில் அங்கே ரப்பர் சீல் கிடையாது. கிராங்கில் ஒரு திருகுக் காடி இருக்கும், கசிகிற ஆயிலை அது சுற்றிச் சுற்றி உள்ளே திருப்பி அனுப்பும். அதை மூடியிருக்கும் அலுமினிய வளையம் கிராங்கைச் சுற்றி ஒரே சீரான இடைவெளியில் உட்கார வேண்டும். முன்பு யாரோ எஞ்சின் வேலை செய்தவர் கோணலாய் மாட்டியிருந்தார். இதைச் சரி செய்யாமல் புது பிளேட் போட்டிருந்தால் அதுவும் அடுத்த மழைக்குள் குளித்திருக்கும். ஃபீலர் கேஜை நாலு பக்கமும் விட்டுப் பார்த்து வளையத்தைத் திருத்தி உட்காரவைக்கவே அரை நாள் ஆனது.

மாட்டுவது

ஃபிளைவீலில் நீலம் பூத்த புள்ளிகளும் மயிரிழை விரிசலும் இருந்தால் லேத்துக்கு அனுப்புங்கள். லைனிங் உரசும் இடத்தை எவ்வளவு சீவுகிறார்களோ, கவர் உட்காரும் இடத்தையும் அவ்வளவே சீவச் சொல்லுங்கள். ஒன்றைச் சீவி மற்றதை விட்டால் அழுத்தம் குறைந்து மறுபடி சிலிப்தான்.

கிராங்க் முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்டைத் தாங்கும் பைலட் புஷ்ஷை மாற்றுங்கள். பழையதை வெளியே எடுக்க, ஓட்டைக்குள் கிரீஸை அடைத்து, அளவான இரும்புக் கம்பியை வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். கிரீஸ் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வரும். புது புஷ்ஷை முந்தின ராத்திரியே எஞ்சின் ஆயிலில் ஊறப்போடுங்கள்.

பிளேட்டை எந்தப் பக்கம் வைப்பது? ஹப் நீண்டிருக்கும் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது ஒரு ஹெரால்டில் மாற்றி வைத்துவிட்டேன். எல்லாம் மாட்டி, சீட்டும் வைத்து, சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால் கிளட்ச் விடுபடவே இல்லை. ஹப் போய் ஃபிளைவீல் போல்ட் தலைகளில் முட்டிக்கொண்டிருந்தது. என் ஆசான் ஒரு வார்த்தை திட்டவில்லை. "செரி, ராத்திரி இருந்து கழத்து" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து கவரை மாட்டும் முன் வெறும் பிளேட்டை ஃபிளைவீலில் வைத்துக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் நான் விடுவதில்லை.

பிளேட்டை நடுமையம் பார்த்து வைக்கப் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் கிடைத்தால் நல்லது. என்னிடம் மரத்தில் கடைந்த ஒன்று இருக்கிறது. தச்சர் ஒருவர் தேக்கில் கடைந்து தந்தது, முனை பைலட் புஷ் அளவு, நடு ஸ்ப்ளைன் அளவு. கவர் போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று வீதம் இறுக்கிக் கடைசியில் 20 பவுண்டு-அடி வையுங்கள். ஸ்ப்ளைனில் கிரீஸ் என்பது விரல் நுனியில் ஒரு பூச்சு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற அளவு வைத்தால் அது பறந்து லைனிங்கில்தான் விழும்.

கியர்பாக்ஸைத் தள்ளும்போது ஷாஃப்ட் பாதி நுழைந்த நிலையில் கை வலிக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். கியர்பாக்ஸின் முழு எடையும் ஹப்பில் தொங்கி பிளேட் வளைந்துபோகும். புது பிளேட் போட்டும் வண்டி கிளம்பும்போது குலுங்குகிறது என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளேயிருந்து தாங்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளியபடி கிராங்கைக் கொஞ்சம் திருப்பினால் 'டக்'கென்று உட்காரும். உட்காரவில்லை என்றால் போல்ட்டைப் போட்டு இழுக்க வேண்டாம், நடுமையம் தப்பியிருக்கிறது.

முதல் 500 கிலோமீட்டர் ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச் பிடித்து நிற்காமல், கண்டபடி முறுக்காமல் ஓட்டச் சொன்னேன். கருங்கல்காரர் கேட்டார் என்றுதான் நினைக்கிறேன், இதுவரை திரும்பி வரவில்லை.

மழை மாசங்களில் வண்டியை ஷெட்டில் போட்டு வைப்பவர்களுக்கு ஒன்று. மூன்று மாசம் அசையாமல் நின்றால் பிளேட் ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பெடலை அமுக்கிய நிலையில், பெடலுக்கும் சீட்டின் முன்விளிம்புக்கும் இடையே அளவாய் அறுத்த ரீப்பர் கட்டை ஒன்றைக் கொடுத்து வையுங்கள். ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள், கட்டையை எடுக்காமல் யாரும் சாவி போட்டுவிடக்கூடாது.